டென்னசியில் இல்லாத கோபிச்செட்டிபாளையம்

அந்தக் கடிதத்தின் மூன்றாவது பத்தியைச் சாந்தாமணி இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். ‘தாங்கள் அனுப்பிய சான்றிதழில் கையெழுத்திட்டுள்ள மருத்துவர் டென்னசி மாநிலத்தில் உரிமம் பெற்றவர் அல்ல. மேலும், கோபிச்செட்டிபாளையம் என்ற ஊரை டென்னசி மாநிலத்தில் எங்களால் கண்டறிய இயலவில்லை.’ ஆங்கிலத்தில் வந்ததை அவள் தமிழில் சொல்லும்போது கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, “அதுக்கு அடுத்த வரி என்ன தெரியுமுங்களா? உன்னோட கிளெய்ம ஃபிராடு டிபார்ட்மெண்டுக்கு அனுப்பறோம்னு போட்டிருந்தான்” என்பாள். அதற்குமேல் யாருக்கும் சிரிப்பு வராது.

சாந்தாமணிக்கு நாற்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் அதே கோபிச்செட்டிபாளையம். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் திருமூர்த்தியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு வந்தாள். முதல் ஒன்பது வருடம் எச்4 விசா, அங்கே வேலைக்கு வந்தவரின் மனைவிக்குக் கொடுப்பது. வேலைக்குப் போகக் கூடாது. கணிதத்தில் பட்டம் வாங்கியவள் சன்னிவேல் அபார்ட்மெண்டில் உட்கார்ந்து, வீட்டுக்கு வருகிற காகிதங்களை எல்லாம் படித்தாள். வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை பில், கார் இன்சூரன்ஸ் என்று எதையும் பொடி எழுத்து வரைக்கும் விடமாட்டாள். கிரீன் கார்டு வந்த பிறகு காலேஜில் குழந்தை வளர்ப்புப் பாடங்கள் நான்கு முடித்து, குபெர்டினோவில் ஒரு டேகேரில் உதவியாளராகச் சேர்ந்தாள். இப்போது இரண்டு வயதுக் குழந்தைகளின் அறைக்கு அவள்தான் தலைமை ஆசிரியை. பன்னிரண்டு குழந்தைகள். கடிப்பதும் கிள்ளுவதும் வாந்தி எடுப்பதுமாக நாள் முழுக்க ஓடும். அங்கே அவளுக்குக் கோபமே வராது. வெளியே வந்தால்தான் வரும்.

அந்த டேகேர் அஞ்சனாவுடையது. அஞ்சனா சென்னைப் பெண். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஒரு கிளையில் ஆரம்பித்து, பன்னிரண்டு வருடத்தில் ஐந்து கிளைகளாக்கியவள். அறுபத்து மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள். கூட்டங்களில் “நாம எல்லாம் ஒரே ஃபேமிலி” என்று சொல்வாள். சொல்லும்போது அவளே அதை நம்புகிறாள் என்பதுதான் அதில் கஷ்டம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபர் மாதத்தில் அஞ்சனா ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். கலிஃபோர்னியாவில் வேலை செய்கிற எல்லாருடைய சம்பளத்திலும் ஒரு சிறு பங்கை மாநில அரசு பிடித்துக்கொள்ளும். உடம்புக்கு முடியாமல் போனாலோ, குழந்தை பிறந்தாலோ, வீட்டில் ஒருவருக்குக் கடுமையான நோய் வந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தாலோ, சில வாரங்களுக்கு அரசே சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கும். ஆனால் பணியாளர்களில் பாதிக்கு மேல் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், முதலாளி இதிலிருந்து விலகி, அதற்குச் சமமான தனியார் திட்டம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. அப்படி ஒரு திட்டத்தைத்தான் ஒரு புரோக்கர் அஞ்சனாவிடம் விற்றிருந்தான்.

“ஸ்டேட்டுக்கு போன் பண்ணா மூணு மணி நேரம் ஹோல்டுல போடுவான், சாந்தா. இவங்க கிட்ட ஆப் இருக்கு. மூணே நாள்ல பதில். ஸ்டேட் குடுக்கறதவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாவே குடுப்பாங்க” என்றாள் அஞ்சனா. “ஆனா ஆயாக்கள்லாம் சைன் பண்ண பயப்படறாங்க. நீங்க படிச்சுப் பாத்து நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

அது உண்மைதான். அந்த ஐந்து கிளைகளிலும் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் சாந்தாமணியிடம்தான் கொண்டுவருவார்கள். கைக்குழந்தைகள் அறையில் வேலை செய்யும் மரிசோலுக்கு ஆங்கிலம் பேச வரும், படிக்க வராது. சமையல்கட்டில் இருக்கும் லோர்னா எதையும் இரண்டு முறை கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். இவர்களுக்கெல்லாம் சாந்தாமணி ஓய்வறையில் உட்கார்ந்து அந்தத் திட்டத்தை விளக்கினாள். அஞ்சனா கொடுத்த நான்கு பக்கச் சுருக்கத்தைத்தான் அவள் படித்திருந்தாள். முழு ஆவணம் அறுபது பக்கம் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. பொடி எழுத்தை விடாதவள் அன்றைக்கு ஏன் விட்டாள் என்று பின்னாளில் தன்னையே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டாள். முதலாளி தன்னைக் கூப்பிட்டு, தன் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துக் கேட்டாள். அந்தப் பெருமையில் விட்டுவிட்டாள். வேறு காரணம் இல்லை.

ஒரே வாரத்தில் ஐம்பத்தொரு கையெழுத்துகள் சேர்ந்தன.

போன வருடம் பிப்ரவரியில் கோபியிலிருந்து அக்கா வசந்தாமணி கூப்பிட்டாள். சாந்தாமணிக்கு ஆறு வயது மூத்தவள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் ஒரே வருடத்தில் திரும்பிவந்து, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, தங்கையைப் படிக்கவைத்து, விருப்ப ஓய்வு வாங்கித் தனியாக இருப்பவள். பிள்ளை குட்டி இல்லை.

“அம்மிணி, கர்ப்பப்பைல கட்டியாமா. புத்துன்னு சொல்றாங்க. ஆப்பரேசன் பண்ணி எடுத்தரலாம்னு டாக்டரு சொல்றாரு. நீ ஒண்ணும் வரவேண்டாம். சொல்லோணும்னு சொன்னேன், அவ்வளவுதான்.”

அறுவைச் சிகிச்சையைக் கோபியிலேயே டாக்டர் நஞ்சுண்டன் செய்தார். அதன்பிறகு கோயம்புத்தூரில் இருபத்தைந்து முறை கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள். கோபியிலிருந்து பஸ்ஸில் போய்வர ஐந்து மணி நேரம் ஆகும். கூட ஓர் ஆள் இல்லாமல் முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாந்தாமணி எட்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள். உடன்பிறந்தவளுக்காகவும் அந்த லீவு எடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டு டாக்டரின் சான்றிதழும் செல்லும். “தாராளமா போய்ட்டு வாங்க. இதுக்குத்தானே பிளானே வெச்சிருக்கோம்” என்று அஞ்சனா கட்டிப்பிடித்து அனுப்பினாள்.

அப்போது வீட்டு நிலைமை வேறு மாதிரி இருந்தது. திருமூர்த்தி குபெர்டினோவில் ஒரு பெரிய கம்பெனிக்குக் காண்டிராக்டராக இருந்தான். ஜனவரியில் அந்தக் காண்டிராக்டை முடித்துவிட்டார்கள். மகள் வெண்பாவுக்குப் பதினேழு வயது. கடைசி வருட ஹைஸ்கூல். வீட்டில் வருமானம் என்றால் சாந்தாமணியின் சம்பளம்தான். மூன்று பேருக்குமான மருத்துவ இன்சூரன்ஸும் அவள் வேலையில்தான் இருந்தது. லீவுக்குச் சம்பளம் வரும் என்ற தைரியத்தில்தான் அவள் விமானம் ஏறினாள்.

ஏப்ரலில் கோயம்புத்தூரில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள போர்ஷனை வாடகைக்கு எடுத்தார்கள். காலையில் கஞ்சி வைத்து, அக்காவை ஆட்டோவில் ஏற்றி, கதிர்வீச்சு அறைக்குள் அனுப்பி, திரும்பக் கூட்டிவந்து படுக்கவைப்பாள். கதிர்வீச்சு தொடங்கிய வாரமே அக்காவுக்குச் சாப்பாடு வயிற்றில் நிற்கவில்லை. பாத்ரூமுக்குப் போனால் எழுந்து வர முடியாது. சாந்தாமணி அக்குளில் கைகொடுத்துத் தூக்குவாள். “இத்தன குழந்தைகளத் தூக்கறவளுக்கு நான் ஒரு கனமா?” என்று அக்கா அந்த நிலையிலும் கேலி செய்வாள்.

மூன்றாவது வாரம் ஆப்பில் அந்தக் கடிதம் வந்தது.

டாக்டர் நஞ்சுண்டன் தன் ரப்பர் ஸ்டாம்பில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில், எல்லாரும் போடுவதுபோல, டி.என். என்று போட்டிருந்தார். தமிழ்நாடு. அந்தத் தனியார் திட்டத்தை நடத்துகிற இன்சூரன்ஸ் கம்பெனியின் டெக்சாஸ் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதை டென்னசி என்று படித்து, டென்னசி மருத்துவப் பதிவேட்டில் நஞ்சுண்டனைத் தேடி, காணோம் என்று எழுதிவிட்டார். ஸ்டாம்பில் ஆறு இலக்க பின்கோடு இருந்தது. தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 91 இருந்தது. சான்றிதழோடு அனுப்பிய விமான டிக்கெட்டில் கோயம்புத்தூர், இந்தியா என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இதில் ஒன்றைக்கூட அந்த மனிதர் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒருத்தியைத் திருடி என்று எழுத அவருக்கு மனசு வந்திருக்கிறது.

டெக்சாஸில் அலுவலகம் திறக்கும்போது கோயம்புத்தூரில் மாலை ஆறரை மணி. சாந்தாமணி மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டாள். கோடைமழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பையன் அமெரிக்க ஆங்கிலத்தில், தன் பெயர் கெவின் என்றான். அவள் நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். டி.என். என்பது இந்தியாவில் ஒரு மாநிலம், என் அக்கா அங்கேதான் இருக்கிறாள், நானும் இப்போது அங்கிருந்துதான் பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். ஃபைல் மோசடிப் பிரிவில் இருப்பதால் தன்னால் திறக்க முடியாது, முப்பது வேலை நாள் ஆகும் என்று அவன் ஒப்பித்தான்.

“நீங்க எங்க உக்காந்து பேசறீங்க, கெவின்?”

“வீ ஆர் லொகேட்டட் இன் டெக்சாஸ், மேம்.”

அந்த நேரத்தில் தலைக்கு மேல் ஓர் இடி இடித்தது. ஒரு நொடி கழித்து அதே இடி போனுக்குள்ளும் கேட்டது.

சாந்தாமணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “அடப்பாவி! டெக்சாஸ்லயும் இதே இடிதான் இடிக்குதா?” என்று தமிழில் கத்தினாள். “வாயில நல்லா வருது எனக்கு. யாருடா நீ?”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, இங்க கோயம்புத்தூரு, சரவணம்பட்டிங்க. என்ற பேரு கௌசிக்குங்க. கால் ரெக்கார்டு ஆகுதுங்க்கா, தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க” என்றான்.

“டி.என்.னா என்னன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியுங்க்கா. என்ற பைக் நம்பர் பிளேட்லயே இருக்குது.”

“அப்புறம் என்ன? மாத்து.”

“எனக்கு மாத்தற அதிகாரம் இல்லீங்க்கா. நோட் மட்டும் போட முடியும். போடறேன். டி.என். என்பது தமிழ்நாடு, இந்தியான்னு தெளிவாப் போடறேன். யாராச்சும் படிச்சா சரி.”

யாரும் படிக்கவில்லை. இருபது கிலோமீட்டருக்குள் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேருக்கும் உண்மை தெரிந்தும், பதினையாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற பொய்யை அசைக்க முடியவில்லை. அன்றைக்கு ஆற்றாமையில் அவள் படியிலேயே உட்கார்ந்து மழையில் நனைந்தாள்.

நான்காவது வாரக் கடைசியில் அஞ்சனா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். குரலில் பழைய வாஞ்சை இல்லை.

“சாந்தா, இன்சூரன்ஸ்ல இருந்து எனக்கு மெயில் வந்திருக்கு. ஃபிராடு ரிவ்யூன்னு போட்டிருக்கான். குழந்தைகளோட வேலை செய்யற ஒருத்தர் மேல அந்த மாதிரி ஒரு வார்த்தை இருந்தா, டேகேர் லைசென்சிங்ல எனக்குப் பிரச்சினை ஆகும். பேரண்ட்ஸுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். நீங்க இங்க வந்து கிளியர் பண்ணிடுங்க.”

“மேடம், அது தமிழ்நாடுங்க. நீங்க மெட்ராஸ்காரங்கதானே? நீங்களே ஒரு லெட்டர் எழுதுங்க. டி.என்.னா டென்னசி இல்ல, எனக்கு நல்லாத் தெரியும்னு.”

“நான் எப்படி எழுத முடியும்? நான் எம்ப்ளாயர். நான் தலையிடக் கூடாது. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள நீங்க வரலைன்னா, உங்க ரூமுக்கு வேற லீட் டீச்சர் போட வேண்டி வரும். அதுக்கு மேல உங்க இன்சூரன்ஸ் எல்லாம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.”

அப்படி மிரட்டச் சட்டத்தில் இடமில்லை என்று சாந்தாமணிக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரியாத அன்றைக்கு அவள் திருமூர்த்தியைக் கூப்பிட்டாள். அவன் நல்லவன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். “வந்துரு. இங்க வந்து அப்பீல் பண்ணிக்கலாம். எனக்கும் வேலை இல்ல, உன் வேலையும் போயிட்டா வெண்பாவுக்கு என்ன பண்றது?” என்றான். வந்த முதல் வாரம் பரிசோதனைகளிலேயே போய்விட்டதால், பதினான்கு கதிர்வீச்சுதான் முடிந்திருந்தது. மிச்சம் பதினொன்று.

“போய்ட்டு வா, அம்மிணி. நான் என்ன பச்சப் புள்ளையா? ஆளு போட்டுக்கறேன்” என்றாள் அக்கா.

சாந்தாமணி ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு வந்தாள். அந்தப் பெண் நான்கு நாள் வந்து நின்றுவிட்டாள். வசந்தாமணி போர்ஷனைக் காலி செய்துகொண்டு கோபிக்குப் போய், பஸ்ஸில் போய்வரப் பார்த்தாள். ஒரு நாள் அவிநாசிக்குப் பக்கத்தில் பஸ்ஸிலேயே துணியெல்லாம் நனைந்துவிட்டது. கண்டக்டர் நிறுத்தி இறக்கிவிட்டான். ரோட்டோரத்தில் ஒரு பேக்கரிக்காரரின் மனைவி சேலை கொடுத்து உள்ளே விட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அக்கா போகவில்லை. பதினொன்றில் ஆறு முடிந்தது, ஐந்து நின்றுபோயிற்று. இதை அவள் தங்கையிடம் சொல்லவே இல்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் சொன்னாள். ஜூன் மாதம் டாக்டர் நஞ்சுண்டனிடம் வேறு ஒரு காகிதத்துக்காகப் பேசும்போதுதான் சாந்தாமணிக்கு விஷயம் தெரிந்தது. விட்ட ஐந்தை இப்போது சேர்த்து வைக்க முடியாதா என்று கேட்டாள். “அது தொடர்ச்சியா குடுக்கணும்மா. இடைவெளி விட்டுட்டா அப்புறம் குடுத்தும் அந்தப் பலன் இருக்காது” என்றார் அவர்.

அன்றைக்குச் சமையலறையில் அவள் வீசிய பாத்திரங்களின் சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டது. திருமூர்த்தி பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீங்க பேசாதீங்க. வந்துருன்னு சொன்னது நீங்க. வந்தது நானு. ரெண்டு பேரும் வாயத் திறக்க லாயக்கில்ல” என்றாள்.

வெண்பாதான் அப்பீல் கடிதத்தை டைப் செய்தாள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். “அம்மா, திஸ் இஸ் இன்சேன். தே குட் ஹேவ் ஜஸ்ட் கூகுள்டு இட்” என்று சொல்லிக்கொண்டே, அம்மா சொல்லச் சொல்ல அடித்தாள். இரண்டு இடங்களில் அம்மா சொன்ன வார்த்தையைப் போட மறுத்து நாகரிகமான வார்த்தை போட்டாள். தனியார் திட்டம் மறுத்தாலும் அப்பீல் மாநில அரசின் நீதிபதியிடம் போகலாம் என்பதை அந்த அறுபது பக்க ஆவணத்தில் சாந்தாமணியே கண்டுபிடித்தாள். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்திருந்தாள்.

ஆகஸ்டில் போனிலேயே விசாரணை நடந்தது. குழந்தைகள் தூங்கும் நேரத்தில், டேகேரின் பார்க்கிங்கில் காருக்குள் ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். நீதிபதி வயதான பெண்மணி. இன்சூரன்ஸ் கம்பெனியின் சார்பில் ஒருவர் வரியில் இருந்தார். சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று அதையே திரும்பப் படித்தார்.

“அந்த ஸ்டாம்பில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன?” என்று நீதிபதி கேட்டார்.

“ஆறு.”

“அமெரிக்காவில் எந்த ஊருக்காவது ஆறு இலக்க ஜிப் கோடு இருக்கிறதா?”

பதிலுக்குக் காத்திராமல் நீதிபதி அடுத்ததைக் கேட்டார்.

“அந்தத் தொலைபேசி எண்ணுக்கு யாராவது போன் செய்தீர்களா?”

“பதிவில் இல்லை, யுவர் ஆனர்.”

“பதிவில் வேறொன்று இருக்கிறது. மே ஆறாம் தேதி, உங்கள் சொந்த ஊழியர் ஒருவர் குறிப்பு எழுதியிருக்கிறார். டி.என். என்பது தமிழ்நாடு, இந்தியா என்று. அதை யாராவது படித்தீர்களா?”

காகிதம் புரட்டும் சத்தம் மட்டும் வந்தது. எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம். மறுப்பு ரத்து, மோசடி என்ற சொல் ஃபைலிலிருந்து நீக்கப்பட வேண்டும், நான்கு வாரத் தொகையைக் கொடுக்க வேண்டும்.

“மீதி நாலு வாரம்?” என்று சாந்தாமணி கேட்டாள்.

“நீங்கள் எடுத்த லீவுக்குத்தான் தர முடியும், அம்மா. மீதி வாரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்குள் நீங்கள் எப்போது எடுத்தாலும்…”

“ரேடியேஷன் பன்னிரண்டு மாதம் காத்திருக்குமா, யுவர் ஆனர்? இவர்கள் பொய் சொன்னதால்தான் நான் திரும்பி வந்தேன். என் அக்காவுக்கு ஐந்து நாள் சிகிச்சை போயிற்று. அதற்கு யார் உத்தரவு போடுவார்கள்?”

“அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. என்னை மன்னியுங்கள்” என்றார் நீதிபதி. உண்மையாகவே வருத்தப்பட்டார் என்பது குரலில் தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை. சொல்ல வேண்டியவர் வரியில் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் போனை வைத்தார்.

தீர்ப்பின் நகல் தபாலில் வந்த அன்று மாலை, அவள் அஞ்சனாவின் அறைக்குள் போய் அதை மேஜைமேல் வைத்தாள்.

“பாத்தீங்களா, நான் சொல்லல? எல்லாம் கிளியர் ஆயிடுச்சு” என்றாள் அஞ்சனா சிரித்துக்கொண்டே.

“எல்லாம் கிளியர் ஆகலீங்க, மேடம். எங்கக்காவுக்கு ட்ரீட்மெண்ட் பாதில நின்னுபோச்சு. நீங்க கூப்பிட்டதாலதான் வந்தேன்.”

“ஐ ஆம் சோ சாரி. ஆனா சாந்தா, இத ஏன் என்மேல பர்சனலா எடுத்துட்டு வர்றீங்க?”

“எங்கக்காவோட கர்ப்பப்பை பர்சனல் இல்லாம வேற என்னங்க?” சாந்தாமணியின் குரல் வெளியே ரிசப்ஷன் வரைக்கும் போயிற்று. “நீங்க மெட்ராஸ்ல பொறந்து வளந்தவங்க. டி.என்.னு பாத்த அந்த நிமிசமே உங்களுக்குத் தெரியும், அது பொய்யின்னு. தெரிஞ்சும் ஒரு லைன் எழுத உங்களுக்குக் கை வரல. உங்க லைசென்சு பெருசாப் போச்சு. ஃபேமிலின்னு இனிமே எங்ககிட்ட சொல்லாதீங்க.”

அஞ்சனா அறைக்கதவைச் சாத்த எழுந்தாள். சாந்தாமணி சாத்த விடவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவள் ஒவ்வொரு கிளையாகப் போனாள். சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: தனியார் திட்டத்தில் இருக்க விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுத்துவிட்டு மாநிலத் திட்டத்துக்குத் திரும்பிப் போகலாம். அதையும் அறுபது பக்கத்துக்குள் நாற்பத்தேழாம் பக்கத்தில் புதைத்து வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறையில் நின்றுகொண்டு முதலில் ஒன்றைச் சொல்வாள்: “நான்தான் உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். படிக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது.” அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு வயதுக் குழந்தைகளின் அறையில் இருக்கும் சண்முகப்ரியா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, என் ஹஸ்பண்டோட விசா எக்ஸ்டென்ஷன் பெண்டிங்ல இருக்கு. நீங்க சொல்றது கரெக்ட்டுதான். ஆனா எனக்கு வம்பு வேணாம். என் பேரச் சேக்காதீங்க” என்றாள். சாந்தாமணிக்குச் சுள்ளென்று வந்தது. ஒன்பது வருடம் எச்4-இல் இருந்தது நினைவுக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டாள். லோர்னா வழக்கம்போல இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மரிசோல் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். “இவர்கள் என் குழந்தையையும் வேறு மாநிலத்தில் தேடுவார்களா?” என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. முதல் ஆளாகக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான்.

மொத்தம் முப்பத்தெட்டுக் கடிதங்கள். பாதிக்கு மேலானவர்கள் விலகிய பிறகு அந்தத் திட்டத்தை வைத்திருப்பதில் அஞ்சனாவுக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஜனவரி முதல் எல்லாரும் மாநிலத் திட்டத்துக்கே திரும்புகிறோம் என்று ஒரு மெயில் அனுப்பினாள். ‘உங்கள் கருத்துகளுக்கு மதிப்பளித்து’ என்று ஆரம்பித்திருந்தாள். சாந்தாமணியை வேலையை விட்டு அனுப்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளிடம் தமிழில் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ‘குட் மார்னிங், சாந்தா’ மட்டும்தான். சாந்தாமணியும் ‘குட் மார்னிங்’ என்பாள். குழந்தைகளுக்கு ஷூ மாட்டிவிடுவாள்.

திருமூர்த்திக்கு நவம்பரில் சான் ஹோசேயில் ஒரு வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை. வெண்பா சாண்டா குரூஸில் படிக்கப் போகிறாள். வீட்டில் மறுபடியும் சத்தமில்லாமல் சாப்பிடுகிறார்கள். இதெல்லாம் நடந்தும் சாந்தாமணியின் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று அவள் ஆசைப்படவும் இல்லை. சன்னிவேல் கோயிலில் ஒரு மாமி அவளிடம், “ஜெயிச்சாச்சோல்லியோ, இனி மனச லேசா வெச்சுக்கோங்கோ” என்றாள். “யாரு மாமி ஜெயிச்சது?” என்று கேட்டுவிட்டுப் பிரசாதம் வாங்காமல் வெளியே வந்துவிட்டாள்.

நவம்பரில் எடுத்த ஸ்கேனில் அக்காவுக்கு இடுப்புப் பக்கம் ஒரு சின்ன நிழல் தெரிந்தது. அது நோயாகவும் இருக்கலாம், கதிர்வீச்சின் தழும்பாகவும் இருக்கலாம். மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த ஐந்து நாளும் கொடுத்திருந்தால் இந்த நிழல் வந்திருக்காதா என்று சாந்தாமணி கேட்டாள். டாக்டர் நஞ்சுண்டன் நேர்மையானவர். “சொல்ல முடியாதும்மா. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்” என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிகிறது.

அக்காவிடம் பேசும்போது அதையும் சொல்லிப் பொருமினாள்.

“விடு அம்மிணி. பஸ்ல போகமாட்டேன்னு இருந்துட்டது நான்தானே. யாரப் போயிக் குத்தம் சொல்றது?”

“அக்கா, நீ அப்படிச் சொல்லாத. நீயே உன்மேல போட்டுக்கிட்டா அவங்களுக்கு ரொம்ப வசதியாப் போயிரும். குத்தம் யாரு மேலன்னு எனக்குத் தெரியும். அதுல என்ற பங்கு எவ்வளவுன்னும் தெரியும்.”

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, “செரி, கத்தாத. பிப்ரவரில வரியா?” என்றாள்.

“வரேன்.”

மீதமிருக்கும் நான்கு வாரத்துக்கு இந்த முறை மாநில அரசுக்கே விண்ணப்பிக்கப் போகிறாள். அடுத்த நாள் அஞ்சனாவின் மேஜையில் ஒரு கடிதம் வைத்தாள். அதில் லீவு வேண்டும் என்று எழுதவில்லை. போகிறேன் என்று எழுதியிருந்தாள். அஞ்சனா அதைப் படித்துவிட்டு, “ஓகே” என்றாள். வெளியே இரண்டு குழந்தைகள் ஒரு மூன்று சக்கர வண்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாந்தாமணி அவர்களைப் பிரிக்கப் போனாள்.